35 ராத்தல் கல்

1912-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி, தென்துருவத்துப் பனிவெளியில், காணாமற்போனவர்களைத் தேடிப் புறப்பட்ட ஒரு கூட்டத்தார் பனிக்குள் புதைந்து கிடந்த ஒரு கூடாரத்தைக் கண்டார்கள். உள்ளே மூன்று உடல்கள் இருந்தன. காப்டன் ஸ்காட், டாக்டர் வில்ஸன், லெப்டினென்ட் பவர்ஸ். அவர்கள் இறந்து ஏழரை மாதங்கள் ஆகியிருக்க வேண்டும். பக்கத்தில் நாட்குறிப்புகளும் கடிதங்களும் இருந்தன. அவர்கள் இழுத்து வந்த சறுக்கு வண்டியையும் பனியைத் தோண்டி எடுத்தார்கள். அந்த வண்டியில் 35 ராத்தல் கல் இருந்தது. இன்றைய கணக்கில் 16 கிலோ.

வெறும் கல்தான். அதில் ஒரு குன்றிமணித் தங்கமும் இல்லை. மண்ணெண்ணெய் தீர்ந்து, ரொட்டி தீர்ந்து, கால் விரல்கள் கறுத்துப்போய், அடுத்த உணவுக் கிடங்குக்கு 11 மைல் தூரத்தில் மடிந்துபோன மனிதர்கள் கடைசி நாள் வரையில் இந்தக் கல்லை விடவில்லை.

ஏன் விடவில்லை, விட்டிருக்க வேண்டாமா என்ற கேள்வி என்னை வெகுநாட்களாகத் தொந்தரவு செய்து வருகிறது. கதை எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்ட கேள்விகள் பசியைப்போல வந்துவிடும். கதையாக எழுதித் தீர்த்துவிடலாம் என்று பார்த்தால், இதைக் கதையாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஆகையால் கட்டுரையாகவே எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்டும் அவருடைய நான்கு தோழர்களும் 1912 ஜனவரி 17-ஆம் தேதி தென்துருவத்தை அடைந்தார்கள். நார்வே தேசத்து அமுண்ட்ஸென் அதற்கு ஐந்து வாரம் முந்தியே, 1911 டிசம்பர் 14-ஆம் தேதி, அங்கே கொடி நாட்டிவிட்டுப் போயிருந்தார். தோற்றவர்களாகத் திரும்பினார்கள். நாயில்லை, குதிரையில்லை, வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தாங்களே வண்டியை இழுத்தார்கள். பிப்ரவரி 7-ஆம் தேதி ரொட்டிப் பெட்டியைப் பார்த்தபோது ஒரு நாள் ரொட்டி கணக்கில் குறைந்தது. ஐவரில் ஒருவரான எட்கர் எவன்ஸ், மலைபோன்ற உடலுடைய மாலுமி, அதற்குள் தேய்ந்துபோயிருந்தார். கையில் பட்ட வெட்டுக்காயம் ஆறவில்லை. விரல்களைக் குளிர் தின்றுகொண்டிருந்தது. சில நாட்களுக்கு முன்னால் பனிப்பிளவில் விழுந்ததிலிருந்து அவருக்குப் புத்தியும் மந்தமாகிவிட்டது.

மறுநாள், பிப்ரவரி 8-ஆம் தேதி, பியர்ட்மோர் பனியாற்றின் மேற்பகுதியில் பக்லி மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பனியாறு அரித்துத் தள்ளிய கற்கள் அங்கே மேடுமேடாகக் கிடந்தன. மலைச்சுவரில் நிலக்கரி கோடு கோடாகத் தெரிந்தது. அந்த வட்டாரத்தில் நிலக்கரி இருப்பதை 1908-இல் ஷாக்கில்டனின் குழுவே பார்த்திருந்தது. ஸ்காட் அன்றைய மிச்சப் பொழுதுக்கு நடையை நிறுத்தச் சொன்னார். கல் பொறுக்குவதற்காக. வீடு போய்ச் சேர இன்னும் ஏறக்குறைய 500 மைல் இருந்தது.

வில்ஸனுக்கு அது திருநாள். அவர் டாக்டர், விலங்கியல் அறிந்தவர், நன்றாகப் படம் வரைவார். கரிபடிந்த ஒரு கல்லைப் பிளந்து பார்த்தால் உள்ளே இலை. நரம்பு நரம்பாக, வரிசை பிசகாமல், நேற்று உதிர்ந்ததுபோல இலை!

அந்த இலையைப்பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால், அந்த 35 ராத்தலின் கனம் உங்களுக்குத் தெரியாது.

இன்று பக்லி அடுக்கு என்று நிலவியல்காரர்கள் அழைக்கும் அந்தப் பாறை, பெர்மியன் காலத்தது. பெர்மியன் என்பது 29.9 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். மனிதன் கிடக்கட்டும், பறவையும் இல்லை, பூவும் இல்லை. அப்போது அங்கே ஆறுகள் ஓடின. கரையோரம் சதுப்பு. சதுப்பில் காடு. அந்த மரத்துக்கு குளோஸாப்டெரிஸ் என்று பெயர். 1828-இல் பிராங்னியார் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்தது. நாக்குப் பெரணி என்று அர்த்தம். இலை நாக்கு வடிவத்தில் இருக்கும். நடுவே ஒரு தண்டு, இருபக்கமும் வலைபோல நரம்பு. பெரணி என்று நினைத்துத்தான் பெயர் வைத்தார்கள். பிற்பாடு அது விதை தரும் பெருமரம் என்று தெரிந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. நம் ஊரில் குண்டாக வளர்ந்துவிட்ட பையனை ஒல்லி என்றே கூப்பிட்டுக்கொண்டிருப்பதில்லையா, அந்த மாதிரி.

அன்றும் அந்த நிலம் துருவத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் உறைந்து கிடக்கவில்லை. மாதக்கணக்கில் சூரியன் மறையாத கோடை. மாதக்கணக்கில் விடியாத குளிர்காலம். கல்லாகிவிட்ட அடிமரங்களைக் குறுக்கே அறுத்தால் வளையங்கள் தெரிகின்றன. வெளிச்சம் இருந்தவரையில் மரம் ஆவலோடு வளர்ந்திருக்கிறது. இருட்டு வந்ததும் நிறுத்திக்கொண்டிருக்கிறது. நிறுத்துவதற்கு முன்னால் இலைகளை ஒட்டுமொத்தமாக உதிர்த்திருக்கிறது. உதிர்ந்த இலைகள் அசையாத குட்டைகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. ஆறு பெருகி வந்து வண்டலால் மூடியது. மறு வருஷம் மறுபடி இலை, மறுபடி வண்டல். மேலே ஏறிய பாரத்தில் வண்டல் பாறையானது. சதுப்பில் மக்கிக் கிடந்தது கரியானது. பக்லி மலைக்கு அப்பால் அக்கர்னார் என்ற மலையின் பக்கம், வேரோடு நின்ற இடத்திலேயே கல்லாகிப்போன அடிமரங்களையும் பின்னாளில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இந்த இலை நமக்கு அந்நியமல்ல. ராணிகஞ்சிலும் ஜாரியாவிலும் சுரங்கத் தொழிலாளி வெட்டி எறியும் பாறைத் துண்டில் இதே நாக்கிலை உண்டு. ஒடிசாவின் தால்சேரில் வெட்டும் கரியும் பெர்மியன் கரிதான். பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி எண்ணூருக்கு வந்து, வட சென்னை அனல்மின் நிலையத்தில் எரிகிறது. அந்த மின்சாரத்தில் விளக்குப் போட்டு இரவு வெகுநேரம் வாசிக்கிறவர்கள், இருளில் வாழத் தெரிந்த ஒரு காட்டின் தயவில் வாசிக்கிறார்கள் என்று சொன்னால் அது கவிதைக்காகச் சொன்னதல்ல.

இன்னொரு விசித்திரம். தால்சேரில் கரிக்கு அடியில் கிடக்கும் பாறைகள், பனியாறு இழுத்து வந்து போட்டவை. 1856-இலேயே இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அந்த வெயிலில் நின்றுகொண்டு இதை நம்புவதற்கு ஒரு தைரியம் வேண்டும். பியர்ட்மோர் பக்கத்திலும் அடியில் பனி விட்டுச்சென்ற பாறை, மேலே கரி, கரியோடு நாக்கிலை. வேகிற ஊரிலும் உறைகிற ஊரிலும் ஒரே அடுக்கு. இந்தியாவில் அந்த அடுக்குகளுக்கு, கோண்டு மக்களின் நாட்டை வைத்து, கோண்டுவானா என்று பெயர். அதே பெயரைத்தான் 1885-இல் ஸூயஸ் என்ற ஆஸ்திரிய அறிஞர், தென்பகுதிக் கண்டங்கள் ஒன்றாக இருந்த பழைய நிலத்துக்கு வைத்தார். இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இந்த இலை கிடைத்திருந்தது. தென்துருவக் கண்டத்தில்தான் கிடைக்கவில்லை.

வில்ஸன் பிளந்த கல்லை, 1914-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸீவர்ட் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். இலை, குளோஸாப்டெரிஸ் இண்டிகா. துருவத்தில் கிடைத்த இலையின் பெயரில் நம்முடைய தேசம் இருந்தது. அந்த ஸீவர்டிடம் பின்னால் படித்தவர்தான் பீர்பால் ஸாஹ்னி. 1949 ஏப்ரல் 3-ஆம் தேதி லக்னோவில் அவருடைய ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். அடிக்கல்லையே ஸாஹ்னி தாம் சேர்த்த புதைபடிவங்களைப் பதித்துச் செய்திருந்தார். ஒரே வாரத்தில், 10-ஆம் தேதி, அவர் காலமானார்.

இப்போது கேள்விக்கு வருகிறேன்.

இந்தக் கதையைச் சொன்னால், கேட்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "பைத்தியக்காரத்தனம்" என்பது ஒரு கட்சி. "என்ன தியாகம்!" என்பது மற்றொரு கட்சி. இரண்டு பேருக்குமே யோசிக்கும் சிரமம் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறேன்.

பைத்தியக்காரத்தனம் என்கிறவர்களுக்கு முதலில் கணக்கைச் சொல்ல வேண்டும். 16 கிலோவினால் அவர்கள் சாகவில்லை. அந்த மார்ச் மாதத்துக் குளிர் அவர்கள் எதிர்பார்த்ததைவிடக் கொடியதாக இருந்தது. கிடங்குகளில் வைத்திருந்த மண்ணெண்ணெய் டின்களில் இருக்க வேண்டிய அளவு எண்ணெய் இல்லை. தினப்படி உணவு, இழுக்கும் உழைப்புக்குப் போதவில்லை. கூடாரம், படுக்கை, அடுப்பு எல்லாம் சேர்ந்த வண்டியில் கல் ஒரு சிறு பங்கு. அதை எறிந்திருந்தால் 11 மைல் கூட நடந்திருப்பார்கள் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது.

ஆனாலும் அவர்கள் பாரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. மார்ச் நடுவில், ஓட்ஸ் என்ற தோழர், தம்மால் மற்றவர்களுக்குத் தாமதம் வேண்டாமென்று புயலுக்குள் நடந்துபோய் மறைந்த பிறகு, கோணம் அளக்கும் கருவியை விட்டார்கள், காமிராவை விட்டார்கள், ஓட்ஸின் படுக்கைப் பையையும் விட்டார்கள். கல்லை மட்டும், வில்ஸன் விசேஷமாகக் கேட்டுக்கொண்டதால் எடுத்துச் செல்வதாக ஸ்காட் தம் குறிப்பில் எழுதிவைத்தார். ஆகையால் மறந்துபோய்க் கிடந்த கல் அல்ல அது. எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து வைத்துக்கொண்ட கல்.

தியாகம் என்கிறவர்களிடம் ஏன் என்று கேட்டால், "அந்தக் கல்லினால் உலகத்துக்கு எவ்வளவு பெரிய உண்மை தெரிந்தது!" என்கிறார்கள். கல் பயன்பட்டது, ஆகையால் சுமந்தது சரி என்பது வாதம். இது எனக்கு ஒப்பவில்லை. அதற்கும் அந்தப் பயணத்திலேயே சாட்சி இருக்கிறது.

1911 ஜூன் மாதக் கடைசியில், துருவத்து நடுக்குளிர்கால இருட்டில், இதே வில்ஸனும் இதே பவர்ஸும், செர்ரி-கரார்ட் என்ற இளைஞரும் பேரரசப் பெங்குவினின் முட்டைக்காக ஐந்து வாரம் நடந்தார்கள். குளிர் மைனஸ் 60 டிகிரி சென்டிகிரேடு வரையில் இறங்கியது. புயலில் கூடாரமே பறந்துபோய், சாவு வந்துவிட்டதென்று படுத்துக் கிடந்து, பிறகு அதைக் கண்டெடுத்துத் தப்பினார்கள். மூன்று முட்டைகள் வந்து சேர்ந்தன. கருவை ஆராய்ந்தால் பறவையின் பூர்வீகம் புலப்படும் என்பது அந்நாளைய கொள்கை. 1934-இல் ஆராய்ச்சி அறிக்கை வெளிவந்தது. முட்டைகளால் அறிவுக்குச் சேர்ந்தது அதிகமில்லை என்றது. கொள்கையே அதற்குள் பழசாகியிருந்தது.

அதே மனிதர்கள், அதே ஆவல், அதே வேதனை. முட்டை ஒன்றுமில்லாமற் போயிற்று, கல் பேசிற்று. பயனை வைத்து நியாயம் சொன்னால், வில்ஸன் ஜூலையில் முட்டாள், பிப்ரவரியில் மகான் என்று ஆகிவிடும். கூடாரத்தில் படுத்திருந்த வில்ஸனுக்கு, தம் கல்லுக்குள் எது இருக்கிறது, அது எதைச் சொல்லப்போகிறது என்று முழுதாகத் தெரியாது. யாராவது எடுத்துச் செல்வார்கள் என்பதே நிச்சயமில்லை. செய்தவன் அறியாத பலனைக் கொண்டுவந்து, செய்ததற்கு நியாயமாக வைப்பது வழக்காடும் தந்திரம்.

போகட்டும், பலனைக் கருதாமல் கடமையைச் செய் என்ற நம் பெரியவர்கள் வாக்கைச் சொல்லி முடித்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் வண்டியை இழுத்தவர்கள் ஐந்து பேர். கல் வேண்டியிருந்தது வில்ஸனுக்கு. எவன்ஸுக்கு என்ன வேண்டியிருந்தது?

இங்கேதான் எனக்கு முள் தைக்கிறது. பிப்ரவரி 8-ஆம் தேதிப் பிற்பகலில் எவன்ஸுக்கு வேண்டியிருந்தது சூடும் சோறும், கிடங்கை நோக்கி ஒரு மைல் அதிகமான நடையும். அவர் கப்பற்படையில் கீழ்நிலை அதிகாரி, ஸ்காட் காப்டன். காப்டன் நிற்கச் சொன்னால் நிற்பதும் இழுக்கச் சொன்னால் இழுப்பதும் அவருக்கு இருபது வருஷப் பழக்கம். அவருடைய கைக்குக் கட்டுப் போட்டவரும், கல்லைப் பிளந்தவரும் ஒரே வில்ஸன்தான். ஒன்பது நாள் கழித்து, பிப்ரவரி 17-ஆம் தேதி, பனியாற்றின் அடிவாரத்தில் எவன்ஸ் இறந்தார்.

லட்சியவாதிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் லட்சியவாதியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். கூட இழுத்தவர்களைப் பற்றி எழுதுவது குறைவு. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் சொற்பச் சம்பளம். விடுமுறை வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு பாழடைந்த கோயில்களுக்குப் போய்விடுவார். ஈரக் காகிதத்தைச் சுவரில் ஒட்டி, மை ஒற்றி, கல்வெட்டுகளைப் படியெடுப்பார். அவர் படியெடுத்த சில கல்வெட்டுகள் இன்று மூலத்தில் இல்லை; திருப்பணி என்ற பெயரில் கொத்திச் சுண்ணாம்பு பூசிவிட்டார்கள். அவர் இல்லாவிட்டால் அந்த வரிகள் இல்லை. அவர் போன பிறகு அந்த அம்மாளைப் பார்க்கப் போயிருந்தேன். அவருடைய உழைப்பைப் புகழ்ந்து ஏதோ பேசினேன். அந்த அம்மாள் கோபமில்லாமல் சொன்னாள்: "ஆமாம் தம்பி, அவர் கல்லைப் படிச்சார். நான் அடகுச் சீட்டைப் படிச்சேன்."

நான் பதில் சொல்லவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். எழுத்தாளன் வீட்டில் இந்த வாக்கியத்தைச் சொல்லாமலே வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வழியில் நினைவுக்கு வந்தது.

அந்த அம்மாளை மனத்தில் வைத்துக்கொண்டு ஸ்காட்டின் வண்டியைப் பார்த்தால், ஒரு கேள்வி இரண்டாகப் பிரிகிறது. மார்ச் மாதத்தில் கல்லை விடாமல் இழுத்தது ஒன்று. பிப்ரவரியில் ஒரு பிற்பகல் நின்றது மற்றொன்று.

மார்ச் மாதத்தில் மூன்று பேர்தான் இருந்தார்கள். வில்ஸன் கேட்டார், மற்ற இருவரும் சம்மதித்தார்கள். மூவருக்கும் முடிவு தெரிந்துவிட்டது. தன் தோளைத் தான் கொடுக்கிறவனிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது. உயிர்தான் எல்லாவற்றிலும் பெரிது என்று நம்மைப்போல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் சொல்லலாம்; தம் உயிர் போன பிறகும் உலகம் இருக்கும், அதற்கு இதைத் தெரிவிக்க வேண்டும் என்று நினைப்பதற்கு ஒரு மனிதனுக்கு உரிமை உண்டு. அதைவிட அழகாக உயிரை மதித்தவர்கள் எனக்குத் தெரிந்து அதிகம் பேர் இல்லை. இந்த இடத்தில் நான் முழுமனத்தோடு வில்ஸன் கட்சி.

பிப்ரவரி அப்படியல்ல. ஸ்காட்டுக்காகச் சொல்ல வேண்டியதும் உண்டு. வாரக்கணக்கில் வெறும் வெள்ளையையே பார்த்துக்கொண்டு வந்தவர்களுக்குக் கால் கல்லில் பட்டது, காற்று அடங்கியது, வெயில் காய்ந்தது. கடலில் நாள்பட மிதந்தவன் கரையேறியது போலிருந்தது என்ற கருத்தில் ஸ்காட்டே எழுதியிருக்கிறார். அந்த ஓய்வு எவன்ஸுக்கும் இதமாக இருந்திருக்கலாம். இருந்தாலும் அது அவர் கேட்டு வாங்கிய ஓய்வு அல்ல. கேட்டுக்கூடப் பார்க்காமல் ஒருவனுடைய பொழுதைச் செலவிடுவது, அறிவுக்காகச் செய்தாலும் செலவுதான். அந்தப் பிற்பகலை என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. கொண்டாட முடியவில்லை.

"கேட்டிருந்தால் எவன்ஸ் வேண்டாம் என்றா சொல்லியிருப்பார்?" என்று என் நண்பர் ஒருவர் வாதாடினார். சொல்லியிருக்கமாட்டார்தான். அந்த அம்மாளும் சொல்லியிருக்கமாட்டாள். அதனால்தான் கேட்க வேண்டும் என்கிறேன்.

கல்லின் மிச்சக் கதையையும் சொல்லவேண்டும். அந்த இலை மட்டும் எதையும் நிரூபித்துவிடவில்லை. கண்டங்களுக்கு நடுவே முன்பு நிலப்பாலங்கள் இருந்து கடலில் முழுகிவிட்டன என்று பலர் சமாதானம் சொன்னார்கள். ஸ்காட் துருவத்துக்குப் போய்ச் சேர்வதற்குப் பதினொரு நாள் முன்னால், 1912 ஜனவரி 6-ஆம் தேதி, வேகனர் என்ற ஜெர்மானியர் பிராங்க்பர்ட் நகரில் வேறு விதமாகப் பேசினார். பாலம் ஒன்றும் இல்லை, கண்டங்களே ஒட்டியிருந்து நகர்ந்துவிட்டன என்றார். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஒருவர் இலையைத் தேடிப் போகாமலே இலையின் மேல் இடறப்போகிறார். மற்றவர் அந்த இலைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வேகனரைப் பெரும்பாலோர் பரிகசித்தார்கள். 1960-களில் கடலடித் தரையை ஆராய்ந்த பிறகுதான் அவர் சொன்னது ஏறக்குறைய சரி என்று உலகம் ஒப்புக்கொண்டது. தென்துருவமும் இந்தியாவும் ஒரே காட்டின் இரண்டு கிழிந்த துண்டுகள்.

அதைப் பார்க்க வேகனர் இல்லை. அவரும் பனியில்தான் இறந்தார். 1930 இலையுதிர் காலத்தில், கிரீன்லாந்தின் நடுவே தங்கியிருந்த தம் தோழர்களுக்கு உணவுப்பொருள் கொண்டுபோனார். நவம்பரில் திரும்பும் வழியில் உயிர் போயிற்று. கூட வந்தவன் ராஸ்மஸ் வில்லும்ஸன் என்ற கிரீன்லாந்து இளைஞன். இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியவன். அவன் வேகனரின் உடலைப் படுக்கை உறைகளில் வைத்துத் தைத்து, பனியில் ஒழுங்காக அடக்கம் செய்து, இடம் தெரிவதற்காகப் பனிச்சறுக்குக் கட்டைகளை நட்டான். அவருடைய நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு, நாய் வண்டியில் தனியே கரையை நோக்கிப் புறப்பட்டான். 1931 மே மாதத்தில் தேடிப் போனவர்கள், அவன் வைத்த அடையாளத்தால் வேகனரைக் கண்டுபிடித்தார்கள். வில்லும்ஸன் அகப்படவில்லை. நாட்குறிப்பும் அகப்படவில்லை.

ஸ்காட்டின் கற்கள் லண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையில் இருக்கின்றன. 1912 நவம்பரில் கூடாரத்தைக் கண்டவர்களில் செர்ரி-கரார்ட்டும் ஒருவர். கூடாரத்துணியை மூவர்மேலும் சாய்த்துவிட்டு, பனியால் மேடு எழுப்பி, சிலுவை நட்டார்கள். பிறகு ஓட்ஸைத் தேடி மேலும் நடந்தார்கள். அவருடைய படுக்கைப் பைதான் கிடைத்தது. எவன்ஸைத் தேடி யாரும் போகவில்லை. அவர் கிடந்தது இன்னும் நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால்.